மருத்துவருக்கும் முதுகு வலிக்கும்

(மூத்தோருக்கான சுகாதார உரை நிகழ்ச்சியில், சமூக மன்றம் ஒன்றில், ஓய்வுபெற்ற பெண் அறுவை சிகிச்சை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடங்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஒரே இடத்தில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டால் தயங்காமல் எழுந்து நில்லுங்கள். பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டே கேளுங்கள். நான் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்றைய பேச்சே அதைப் பற்றியதுதான்.

நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பொது அறுவை சிகிச்சை மருத்துவராக வேலை பார்த்தவள். பித்தப்பைக் கல், குடல்வால், குடலிறக்கம் போன்றவற்றுக்கு அறுவை செய்வது என் அன்றாட வேலை. உடல் உழைப்பு என்றதும் நமக்குத் துறைமுகமும் கட்டுமானத் தளமும் துப்புரவு வேலையும்தான் நினைவுக்கு வரும். குளிரூட்டப்பட்ட அறையில் வேலை செய்யும் மருத்துவருக்கு என்ன வலி வரப்போகிறது என்று தோன்றும். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரல் மரத்துப்போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

அறுவை அறைக்குள் உடம்பு படும் பாடு

அறுவை சிகிச்சை அறையில் மருத்துவர் எப்படி நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம், சில நாளில் அதற்கும் மேல் ஒரே இடத்தில் நிற்கிறார். கழுத்து குனிந்திருக்கிறது. இரண்டு கைகளும் உடம்பை விட்டு விலகி, தாங்கல் இல்லாமல் நிற்கின்றன. கை உறையும் அங்கியும் போட்டபின், கிருமி நீக்கப்படாத எதையும் தொட முடியாது. மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது. நினைத்தபோது உட்கார்ந்து இடுப்பை நிமிர்த்திக்கொள்வது எப்படி?

கழுத்து குனிந்தால் என்ன ஆகும்? நம் தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. நிமிர்ந்து நிற்கும்போது கழுத்தெலும்பு அந்த ஐந்து கிலோவைத்தான் தாங்குகிறது. 60 பாகை முன்னால் குனிந்தால் கழுத்தின்மேல் சுமார் 27 கிலோ அளவுக்கு அழுத்தம் விழுகிறது என்று 2014ல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் கணக்கிட்டார். அதாவது, ஐந்து கிலோ அரிசிப் பைகள் ஐந்தைக் கழுத்தில் தொங்கவிட்டது போல.

அடுத்து, மேசையின் உயரம். அறுவை மேசையை ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் அதைச் சுற்றி நாலைந்து பேர் நிற்கிறோம். எல்லாரும் ஒரே உயரம் இல்லை. பெரும்பாலும் தலைமை மருத்துவரின் உயரத்துக்கே மேசையை வைப்பார்கள். குள்ளமானவர்கள் சிறு மேடைமேல் ஏறி நிற்பார்கள். உயரமானவர்கள் கூன் போட்டு நிற்பார்கள். நான் ஐந்தடி. பயிற்சிக் காலம் முழுவதும் மேடைமேல் நின்றே கற்றுக்கொண்டேன்.

1990களில் லேப்ராஸ்கோப்பி என்ற நுண்துளை அறுவை முறை பரவியது. வயிற்றில் சில சிறு துளைகள் போட்டு, நீண்ட மெல்லிய கருவிகளை உள்ளே விட்டு, கேமரா காட்டும் படத்தைத் திரையில் பார்த்துச் செய்யும் முறை. நோயாளிக்கு இது பெரிய வரம். வலி குறைவு, தழும்பு சிறிது, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் அறுவை செய்பவரின் உடம்புக்குப் புதுத் தொல்லைகள் வந்தன. கருவி நீளமாக இருப்பதால் தோளை உயர்த்தி, முழங்கையை விரித்து வேலை செய்ய வேண்டும். கைப்பிடியை இறுக்க, சாதாரணக் கருவியைவிடப் பல மடங்கு விசை வேண்டும். அந்தக் கைப்பிடிகளோ பெரிய கைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. என் கையுறை அளவு ஆறு. 6.5 அல்லது அதற்குக் குறைந்த அளவு கையுறை போடுபவர்களுக்கு இந்தக் கருவிகள் கூடுதல் சிரமம் தருகின்றன என்று பிறகு ஆய்வுகளே சொல்லின.

என் கட்டைவிரல்

ஒரு நாள் தொடர்ந்து மூன்று பித்தப்பை அறுவைகள். மாலையில் வலது கட்டைவிரலின் ஓரம் மரத்திருந்தது. கைப்பிடியின் வளையத்துக்குள் விரலை நுழைத்து மணிக்கணக்கில் அழுத்தியதால் விரல் நரம்பு நசுங்கியிருந்தது. கையை உதறினேன், சரியாகிவிட்டது. அடுத்த வாரமும் அப்படியே. பிறகு உதறினாலும் போகவில்லை.

மூன்று மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அறுவை அட்டவணையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பயம். மற்றவர்கள் எல்லாரும் பொறுத்துக்கொள்ளும்போது நான் மட்டும் புகார் சொல்வதா என்ற வீம்பும் இருந்தது. இரவில் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு காலையில் ஒன்றும் நடக்காதது போல வேலைக்குப் போனேன்.

பிறகு ஒரு நாள். தையல் போடும் நேரம். ஊசியைப் பிடித்திருக்கும் கருவியை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. விரல் சொல்ல வேண்டிய செய்தியைச் சொல்லவில்லை. கருவியை எதிரில் நின்ற உதவி மருத்துவரிடம் கொடுத்து, "நீங்கள் முடியுங்கள்" என்றேன். நோயாளிக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. என் வலியை மறைத்தது என்னோடு முடியும் விஷயம் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மேசைமேல் ஒருவர் என்னை நம்பிப் படுத்திருக்கிறார்.

மறுநாள் அறுவை அறையின் மூத்த தாதி என்னைத் தனியே கூப்பிட்டார். "டாக்டர், மூணு மாசமா கையை உதறிக்கிட்டே இருக்கீங்க. நோயாளி ஒருத்தர் இப்படி வந்து சொன்னா, பொறுத்துக்குங்கன்னு சொல்லி அனுப்புவீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "உங்களுக்கு ஏதும் வலி இல்லையா, சிஸ்டர்?" என்று பேச்சை மாற்றினேன். அவர் சிரித்தார். வெட்டிய இடத்தைப் பிரித்துப் பிடித்திருக்கும் கருவியை இருபது ஆண்டுகளாக மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்து, அவருடைய வலது தோள் காதுக்கு மேல் எழும்பாது. தலை சீவ இடது கைதான். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "யாரும் கேக்கலையே, டாக்டர்."

இருபது ஆண்டு அவர் பக்கத்தில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. நானும் கேட்கவில்லை.

எங்கள் கதை மட்டும் அல்ல

2018ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. 5,800க்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பற்றிய 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் 17 விழுக்காட்டினருக்கு. தோள்பட்டைத் தசைநார்க் கோளாறு 18 விழுக்காட்டினருக்கு. இடுப்புப் பகுதி முதுகெலும்புத் தேய்மானம் 19 விழுக்காட்டினருக்கு. மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போகும் கோளாறு 9 விழுக்காட்டினருக்கு. இப்படிப்பட்ட கோளாறு உள்ளவர்களில் 12 விழுக்காட்டினர் நீண்ட விடுப்பு எடுக்கவோ, வேலையைக் குறைத்துக்கொள்ளவோ, முன்கூட்டியே ஓய்வு பெறவோ வேண்டியிருந்தது.

உடம்பைப் பற்றிப் படித்தவர்களுக்கே இந்த நிலை. ஆகவே, உங்களுக்கு வலி வந்தால் அதற்காக வெட்கப்படாதீர்கள். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கியும் விடாதீர்கள். வயது ஒரு காரணம்தான். எப்படி நிற்கிறோம், எவ்வளவு நேரம் நிற்கிறோம், எதைப் பிடிக்கிறோம் என்பவையும் காரணம். வயதை மாற்ற முடியாது. மற்ற மூன்றையும் மாற்றலாம்.

உடம்பை வளைக்காமல் வேலையை மாற்றுவது

வேலையையும் கருவியையும் இடத்தையும் மனித உடம்புக்குப் பொருந்தும்படி அமைப்பதை எர்கனாமிக்ஸ் என்கிறார்கள். தமிழில் பணிச்சூழலியல். பெயர் பெரியது, விஷயம் எளியது. எங்கள் அறுவை அறையில் நாங்கள் மாற்றியவற்றைச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் ஒரு ஜோடி இருக்கிறது.

முதலில் உயரம். கைகள் வேலை செய்யும் இடம் முழங்கை உயரத்தில் அல்லது சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். நுண்துளை அறுவையில் கருவி நீளம் என்பதால் மேசையை இன்னும் தாழ்த்தினோம். வீட்டில், சமையல் மேடை உங்களுக்குத் தாழ்வாக இருந்தால், வெட்டுப் பலகைக்கு அடியில் உறுதியான, வழுக்காத தட்டு வைத்து உயர்த்துங்கள். உயரமாக இருந்தால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காய் நறுக்குங்கள். முக்காலிமேல் ஏறி நின்று சமைக்க வேண்டாம். எங்களுக்கு விழுந்தால் பிடிக்க ஆள் இருந்தது. வீட்டில் அடுப்புதான் இருக்கும்.

இரண்டாவது, திரை. முன்பு திரை நோயாளியின் தலைமாட்டில் ஒரு பக்கமாக இருக்கும். கழுத்தைத் திருப்பியபடியே வேலை செய்வோம். பிறகு அதை நேர் எதிரே, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தோம். வீட்டில் கைத்தொலைபேசியை மடியில் வைத்துக் குனிந்து பார்க்கும்போது அந்த 27 கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கைக்கு அடியில் தலையணை வைத்துத் தொலைபேசியைத் தூக்கிப் பிடியுங்கள். நாடகம் பார்ப்பதானால் தொலைக்காட்சிக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்.

மூன்றாவது, பிடி. எந்தக் கருவியையும் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கட்டைவிரலை வளையத்துக்குள் முழுதும் நுழைக்காமல் கைப்பிடியை உள்ளங்கையில் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். சில மாதங்களில் மரப்பு குறைந்தது. வீட்டில், மெல்லிய கத்திப்பிடிக்கும் கரண்டிக்கும் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது மணிக்கட்டுக்குக் கெடுதல். குழாயைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினால் சுமை குறையும்.

நான்காவது, தூரம். கை உடம்பை விட்டு விலக விலகத் தோளுக்குச் சுமை கூடும். வீவக வீடுகளில் மூங்கில் கழியில் ஈரத் துணியை மாட்டிச் சன்னலுக்கு வெளியே நீட்டுகிறோமே, அதைவிடத் தோளைப் படுத்தும் வேலை குறைவு. ஒரு கழியில் நான்கு துணிக்குப் பதில் இரண்டு போடுங்கள். கனமான போர்வையை வீட்டுக்குள் தாங்கியில் காயப்போடுங்கள். முடிந்தால் கழியை நீட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். சந்தைக்குப் போனால் கையில் பை வேண்டாம், சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

சிறு இடைவேளை

நான் கற்ற பாடங்களில் மிகப் பயனுள்ளது இதுதான். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் குழந்தைகளுக்கு நுண்துளை அறுவை செய்யும் மருத்துவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2011ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவில் 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. இன்னொரு பிரிவில் வழக்கம்போல இடைவிடாத வேலை. இடைவேளை விட்டதால் அறுவை நேரம் நீண்டுபோகவில்லை. மருத்துவர்களின் உடம்பில் மன அழுத்தச் சுரப்பும் குறைந்தது. நிறுத்தினால் வேலை தாமதமாகும் என்று நாம் நினைக்கிறோம். அசதியில் செய்யும் வேலைதான் தாமதமாகும்.

எங்கள் அறையிலும் பாதுகாப்பான கட்டம் பார்த்து, அரை மணிக்கு ஒரு முறை ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்தினோம். கையுறையைக் கழற்றாமலே செய்யக்கூடிய அசைவுகள் அவை. நீங்கள் இப்போதே செய்து பார்க்கலாம்.

1. மோவாயை மெல்லப் பின்னால் இழுங்கள், யாரோ நெற்றியைத் தள்ளுவது போல. ஐந்து எண்ணும்வரை வைத்திருங்கள். ஐந்து முறை.
2. தோள்களைக் காதுவரை உயர்த்தி, பின்பக்கமாக உருட்டி இறக்குங்கள். ஐந்து முறை.
3. கைவிரல்களை அகல விரித்து மூடுங்கள். பத்து முறை.
4. நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்று, குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பத்து முறை.

இழுபடுவது போன்ற உணர்வு இருக்கலாம். வலி கூடினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிடுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், இரவில் எழுந்து கையை உதற வேண்டியிருந்தால் நான் செய்தது போல மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தக் கோளாறும், தோள் இறுகிப்போவதும் மற்றவர்களைவிட அதிகம் வரும்.

முதுகு வலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், கீழே விழுந்தபின் வந்த வலி இவையும் தாமதிக்கக் கூடாதவை. நெஞ்சு இறுகி, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். 995ஐ அழையுங்கள்.

இன்னொன்று. வலி மாத்திரைகளை நீங்களே வாங்கி நாள்கணக்கில் சாப்பிடாதீர்கள். சில மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரத்த அழுத்தத்தைக் கூட்டும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த கால்களில் சுடுநீர்ப் பை வைக்கவும் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

1700ஆம் ஆண்டு இத்தாலியின் மொடேனா நகரில் பெர்னார்டினோ ராமாசினி என்ற மருத்துவர், தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: உங்கள் தொழில் என்ன?

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வியைக் கேட்க நாங்கள் சில நேரம் மறந்துவிடுகிறோம். என் தாதித் தோழியிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் ஒன்று சொல்கிறேன். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். "டாக்டர், நான் உணவங்காடி நிலையத்தில் தட்டுகள் எடுக்கிறேன்." "நான் முப்பது வருஷம் தையல் மிஷின் ஓட்டினேன்." "வீட்டில் படுக்கையில் இருக்கும் கணவரை நான்தான் தூக்கி உட்கார வைக்கிறேன்." அந்த ஒரு வாக்கியம், எக்ஸ்ரே காட்டாததைக்கூட எங்களுக்குக் காட்டும்.

அந்தத் தாதியைக் கையோடு அழைத்துப்போய் மருத்துவரிடம் காட்டினேன். பிசியோதெரபி தொடங்கியது. அறுவையின்போது கருவியைப் பிடிப்பதில் ஆள் மாற்றிக்கொள்ளும் வழக்கம் வந்தது. தோள் முழுதும் குணமாகவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற நாளன்று வலது கையால் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து, எனக்குத் திரும்பிக் காட்டினார்.

உரைக்குப் பின் வந்த கேள்விகள்

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 67. பாதுகாவலராக வேலை செய்கிறேன். பன்னிரண்டு மணி நேரப் பணி. கேமரா திரை தலைக்கு மேலே இருக்கிறது. கழுத்து வலிக்கிறது.

பதில்: ஐயா, எங்கள் அறையில் இருந்த அதே கோளாறுதான் இது. அண்ணாந்து பார்ப்பதும் கழுத்துக்குச் சுமை. திரையைக் கண் மட்டத்துக்கு இறக்கித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அதைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. வலியில்லாத காவலர்தான் விழிப்பாக இருப்பார். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கொஞ்சம் நடங்கள். நிற்கும்போது ஒரு காலைத் தாழ்வான கட்டைமேல் வைத்து, கால் மாற்றி நின்றால் இடுப்புக்கு இதம்.

கேள்வி: என் பேத்திக்கு ஒன்றரை வயது. பார்த்தவுடன் தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். தூக்காதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பதில்: சொல்ல மாட்டேன் அம்மா. நீங்கள் முதலில் நாற்காலியில் உட்காருங்கள், அவள் மடியில் ஏறி வரட்டும். தரையிலிருந்து தூக்க வேண்டியிருந்தால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, அவளை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். முழங்கால் வலி இருந்தால் வேறு யாராவது தூக்கி உங்கள் மடியில் வைக்கட்டும். கொஞ்சுவது குறையாது.

நினைவில் கொள்ள

• கை வேலை முழங்கை உயரத்தில், பார்க்கும் திரை கண்ணுக்கு நேராக.
• அரை மணிக்கு ஒரு முறை நிலையை மாற்றுங்கள்.
• சுமையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள்.
• மரப்பும் பலவீனமும் வந்தால் காத்திருக்காதீர்கள்.
• மருத்துவரிடம் நீங்கள் செய்யும் வேலையைச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள்.